இரவல் கருமுட்டையும் நஸப் எனும் அமானிதமும்

வானங்கள், பூமி ஆகியவற்றின் ஆட்சி தனக்கே உரியதென்றும், தான் நாடியவர்களுக்குப் பெண்மக்களையும் நாடியவர்களுக்கு ஆண்மக்களையும் அருளுவதாகவும், சிலருக்கு இருபாலரையும் சேர்த்துத் தருவதாகவும், நாடியவர்களைப் பிள்ளைப்பேறு அற்றவர்களாக ஆக்குவதாகவும் அல்லாஹுத் தஆலா திருமறையின் அஷ்ஷூரா அத்தியாயத்தில் (42:49, 50) அறிவிக்கின்றான். இந்த ஆயத்துகளை ஓதும்போது கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்றுண்டு. பெண்மக்கள் மட்டும் உள்ள வீடு, ஆண்மக்கள் மட்டும் உள்ள வீடு, இருவரும் உள்ள வீடு, பிள்ளையே இல்லாத வீடு என்று நான்கு வகை வீடுகளை அல்லாஹ் வரிசையாகச் சொல்லுகின்றான். நான்கையும் தன் நாட்டத்தோடு இணைத்தே சொல்லுகின்றான். நான்காவது வீடு தண்டனை பெற்ற வீடு என்று அவன் சொல்லவில்லை. அப்படிச் சொல்லுகிறவர்கள் நாம்தாம்.

அதே வேளையில், பிள்ளை வேண்டுமென்று ஏங்குவதும் குற்றமன்று. எலும்பு தளர்ந்து, தலை நரைத்த பின்னும் நபி ஸகரிய்யா (அலை) அவர்கள் தனிமையில் கையேந்தி வாரிசு கேட்டதைத் திருமறை போற்றியே கூறுகின்றது. நோய்க்கு மருந்து தேடுவதும் நபிவழியாகும். ஆகவே மக்கட்பேறில்லாத தம்பதியர் மருத்துவரை நாடுவதை ஈமானின் குறையென்று யாரும் எண்ணிவிடக் கூடாது. எந்த வாசல் வரை நாம் போகலாம், எந்த வாசலில் நின்றுவிட வேண்டும் என்பதுதான் கேள்வி.

அந்தக் கேள்வி சென்ற ரமலானுக்குச் சில வாரங்கள் முன்பு, வாலாஜாபாத்தில் நம் வீட்டுக்கே வந்தது.

திரைக்குப் பின்னிருந்து ஒரு குரல்

இஷா தொழுகை முடிந்து வீடு திரும்பியிருந்தோம். அறிமுகமான சகோதரர் ஒருவர் மனைவியுடன் வந்தார். காஞ்சிபுரத்து நெசவாளர்களுக்கு ஜரிகை எடுத்துக் கொடுக்கும் வியாபாரி. சொல் சுத்தமானவர், கொடுக்கல் வாங்கலில் பிசகில்லாதவர். அம்மையார் உள்ளே நம் வீட்டாரோடு திரைக்கு அப்பால் அமர்ந்துகொண்டார்.

“ஹஜ்ரத், ஒரு மஸ்அலா. பள்ளியிலே வச்சுக் கேட்கிற விஷயம் இல்லே. அதான் வீட்டுக்கு வந்தோம்” என்று சகோதரர் தொடங்கினார்.

நிக்காஹ் ஆகி 9 ஆண்டுகள். அம்மையாருக்கு வயது 34. சென்னையில் ஒரு மருத்துவமனையில் இருவரையும் சோதித்திருக்கிறார்கள். கணவரிடம் குறையில்லை. மனைவிக்குக் கருமுட்டைகள் உரிய வயதுக்கு முன்பே தீர்ந்துபோய்விட்டன. இனிச் செய்யத்தக்கது ஒன்றுதான் என்று மருத்துவமனையில் சொல்லியிருக்கிறார்கள். வேறொரு பெண்ணின் கருமுட்டையை எடுத்து, கணவரின் இந்திரியத்தோடு சேர்த்துக் கருவாக்கி, மனைவியின் கருப்பையில் வைத்துவிடலாம். நிறமும் இரத்த வகையும் பொருத்தம் பார்த்தே தருவோம். கொடுப்பவள் யாரென்று உங்களுக்குத் தெரியாது, நீங்கள் யாரென்று அவளுக்கும் தெரியாது என்பது அவர்கள் கூறிய ஆறுதல். அம்மையாரின் தங்கை, தானே தருவதாக முன்வந்திருக்கிறாள். பதிவு பெற்ற வங்கியின் வழியாகத்தான் பெற முடியும் என்று மறுத்துவிட்டார்களாம்.

நாம் ஓதி அறிந்த அளவில், கணவன் மனைவி அல்லாத மூன்றாமவரின் கருமுட்டைக்கு மார்க்கத்தில் இடமில்லை என்று சொன்னோம். சகோதரர் தலை குனிந்துகொண்டார். சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு திரைக்குப் பின்னிருந்து அந்த அம்மையாரின் குரல் வந்தது.

“கூடாதுன்னு சொல்லிட்டீங்க, ஹஜ்ரத். ஏத்துக்கிறேன். நாளைக்குக் காலையிலே எழுந்ததும் என் மாமியார் கேட்பாங்களே, அந்த வாய்க்கு என்ன ஃபத்வா?”

உண்மையைச் சொல்வதானால், அன்றிரவு நம்மிடம் அதற்குப் பதில் இருக்கவில்லை. முதல் கேள்விக்குக் கிதாபுகளில் விடை இருந்தது. இரண்டாவது கேள்விக்கு விடை நம் சமுதாயத்தின் நாவில் அல்லவா இருக்கிறது? இவ்விரண்டையும் சேர்த்து எண்ணிப் பார்க்கவே இதனை எழுதுகிறோம்.

சிகிச்சை வந்த வழி

உடலுக்கு வெளியே கருவாக்கும் முறையால் உலகின் முதல் குழந்தை 1978 ஜூலை 25 அன்று இங்கிலாந்தில் பிறந்தது. அதே ஆண்டு அக்டோபர் 3 அன்று கல்கத்தாவில் டாக்டர் சுபாஷ் முகோபாத்யாயின் முயற்சியால் இந்தியாவின் முதல் குழந்தை பிறந்தது. அவரது சாதனையை அன்று யாரும் ஏற்கவில்லை; அவர் மறைந்து பல்லாண்டுகள் சென்ற பின்னரே ஏற்றார்கள். 1986-ல் பம்பாயில் டாக்டர் இந்திரா ஹிந்துஜாவின் மேற்பார்வையில் மற்றொரு குழந்தை பிறந்தது. இன்று நம் மாவட்டத்துப் பேருந்து நிலையங்களிலேயே கருத்தரிப்பு மையங்களின் விளம்பரப் பலகைகளைக் காண்கிறோம். உலகில் ஏறத்தாழ 6 பேரில் ஒருவர் வாழ்வின் ஏதோ ஒரு கட்டத்தில் பிள்ளைப்பேறின்மையை அனுபவிக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் தெரிவித்தது. ஆகவே இது எங்கோ ஒரு வீட்டுக் கவலையன்று.

கணவன் மனைவியின் பொருள்களையே கொண்டு கருவாக்கிய இம்முறை, 1980-களின் தொடக்கத்திலேயே அயல்நாடுகளில் வேறொரு பெண்ணின் கருமுட்டையைக் கொண்டு கருவாக்கும் அளவுக்கு வளர்ந்தது. நம் நாட்டில் இதற்கென 2021-ல் ஒரு சட்டம் இயற்றப்பட்டு, 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. கருமுட்டை தருபவளுக்கு வயது 23-க்கும் 35-க்கும் இடைப்பட்டிருக்க வேண்டும். வாழ்நாளில் ஒரு தடவைதான் தரலாம். 7 முட்டைகளுக்கு மேல் எடுக்கலாகாது. விற்பதும் தரகு நடத்துவதும் குற்றம் என்பன அச்சட்டத்தின் விதிகள். பிறக்கும் குழந்தை சிகிச்சை பெற்ற தம்பதியரின் சொந்தக் குழந்தையாகவே கருதப்படும்; முட்டை தந்தவளுக்கு எந்த உரிமையும் இல்லை என்றும் அச்சட்டம் கூறுகிறது. நாட்டுச் சட்டம் ஒரு குழப்பத்தைத் தீர்க்கத் தன் வழியில் முயன்றிருக்கிறது. அல்லாஹ்விடத்தில் அக்குழப்பம் தீர்ந்துவிட்டதா என்பதை நாம் மார்க்கத்திடம்தான் கேட்க வேண்டும்.

உலமாப் பெருமக்கள் கண்ட முடிவு

1980 மார்ச்சில் எகிப்தின் ஷைகு ஜாதுல் ஹக் அலீ ஜாதுல் ஹக் அவர்கள் இதுபற்றி விரிவான ஃபத்வா வழங்கினார்கள். நிக்காஹ் நிலைத்திருக்கும்போது, கணவனின் இந்திரியமும் மனைவியின் கருமுட்டையும் மட்டுமே சேர்ந்து, அம்மனைவியின் கருப்பையிலேயே வளர்வதாயின் ஆகும். மூன்றாம் ஆள் எவ்வகையிலும் நுழையலாகாது என்பது அதன் சாரம். 1986 அக்டோபரில் ஜோர்டான் நாட்டின் அம்மான் நகரில் கூடிய அகில உலக இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாதமி, வழக்கிலிருந்த 7 முறைகளை ஆராய்ந்து 5 முறைகளை விலக்கியது. கணவன் மனைவிக்குள்ளேயே முடிந்துவிடும் 2 முறைகளைத் தேவை ஏற்பட்டால் கையாளலாம் என்றது. வேறு பெண்ணின் கருமுட்டை, விலக்கப்பட்ட ஐந்தினுள் அடங்கியது.

இதற்கு முன் மக்காவில் நடந்த ஒரு நிகழ்ச்சி நமக்குப் பெரிய பாடம். அங்குள்ள ஃபிக்ஹ் அகாதமி 1984-ல், ஒரே கணவனுக்கு இரு மனைவியர் இருந்தால் ஒருத்தியின் கருமுட்டையை மற்றவளின் கருப்பையில் வளர்க்கலாம் என அனுமதித்தது. இருவருமே அவனுடைய மனைவியர்தாமே என்பது காரணம். சுமக்கும் மனைவி அதே நாட்களில் தன் கணவனால் இயற்கையாகவும் கருவுறக்கூடுமே, அப்போது பிறந்த பிள்ளை எவளுடையது என்று எப்படி அறிவது என்ற ஐயம் பின்னர் எழுந்தது. அடுத்த ஆண்டே அந்த உலமாக்கள் தம் அனுமதியைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். கற்றவர்கள் தம் சொல்லைத் தாமே மாற்றிக்கொள்ள வெட்கப்படவில்லை. தந்தை யாரென்பதில் சந்தேகமே இல்லாத இடத்தில்கூட, தாய் யாரென்பதில் எழுந்த ஒரு சிறு ஐயத்துக்காகக் கதவை அடைத்தார்கள். முன்பின் தெரியாத பெண்ணின் முட்டைக்கு அக்கதவு எப்படித் திறக்கும்?

ஷீஆ மார்க்க அறிஞர்களிடையே இதில் வேறு கருத்தும் உண்டு. ஈரானில் 1999-ல் ஆயத்துல்லா காமனெயி நிபந்தனைகளோடு இதனை அனுமதித்தார். ஆனால் அவருங்கூட, வாரிசுரிமையில் குழந்தையை முட்டைக்கு உரியவளோடுதான் சேர்த்தார் என்பது கவனிக்கத்தக்கது. அனுமதித்தவராலும் அந்த இரண்டாவது பெண்ணை இல்லாமல் ஆக்க முடியவில்லை.

சில நியாயமான கேள்விகள்

இதிலே தொடுதல் இல்லை, இச்சை இல்லை. இதை எப்படி ஸினா என்று சொல்லலாம் என்று கேட்கிறார்கள். நாம் அப்படிச் சொல்லவில்லை. ஸினா என்பதற்கு ஷரீஅத்தில் தனி வரையறை உண்டு. இந்தச் சிகிச்சையை மேற்கொண்ட பெண்ணை அந்தச் சொல்லால் பழிப்பவர், பத்தினிப் பெண் மீது அவதூறு சொன்ன பெரும்பாவத்துக்கு ஆளாவார். ஆனால் ஸினா விலக்கப்பட்டதற்குரிய காரணங்களுள் ஒன்றான நஸபின் கலப்பு இதிலும் நேர்கிறது. கணவனை இழந்தவள் 4 மாதம் 10 நாள் இத்தா இருக்கிறாள். தலாக் பெற்றவளும் இத்தா இருக்கிறாள். கருப்பையில் யாருடைய பிள்ளையேனும் உள்ளதா என்பது தெளிவாக வேண்டும் என்பது அதன் ஹிக்மத்துகளில் ஒன்று. இவ்வளவு காத்திருக்கச் சொன்ன மார்க்கம், ஒரு சீசாவுக்குள் நடக்கும் கலப்பைப் பார்த்துக் கண்ணை மூடிக்கொள்ளுமா?

சிறுநீரகம் தருகிறார்கள், இரத்தம் தருகிறார்கள், முட்டை தந்தால் என்ன என்பது அடுத்த கேள்வி. இரத்தம் வாங்கியவன் தந்தவனுக்கு மகனாவதில்லை. சிறுநீரகத்தில் சந்ததி இல்லை. கருமுட்டையிலோ ஒரு பெண்ணின் பாட்டனும் பாட்டியும் அவர்களுக்கு முந்திய தலைமுறைகளும் இருக்கிறார்கள்.

சுமந்து பெறுபவள்தானே தாய் என்பது மூன்றாவது கேள்வி. இது வலுவான கேள்வி. பெற்றெடுத்தவர்களே தாய்மார்கள் என்ற கருத்து அல்முஜாதலா அத்தியாயத்தின் 2-வது ஆயத்தில் வருகின்றது. தாய் பலவீனத்தின் மேல் பலவீனமாகச் சுமந்த சிரமத்தையும் திருமறை சிறப்பித்துப் பேசுகின்றது. இதைக்கொண்டே, இத்தகைய குழந்தை பிறந்துவிட்டால் பெற்றவளே அதன் தாய் என்று உலமாக்களில் பலர் சொல்லியிருக்கிறார்கள். கருவின் மூலம் எவளுடையதோ அவளே தாய் என்று வேறு சிலர் சொல்லியிருக்கிறார்கள். இரு சாராரிடமும் ஆதாரம் உண்டு. அல்லாஹ் முட்டையையும் கருப்பையையும் ஒரே பெண்ணில் வைத்தான். ஆகவே ‘என் தாய் யார்?’ என்று எந்தப் பிள்ளையும் கேட்க நேரவில்லை. நாம் அவ்விரண்டையும் பிரித்துவிட்டு, பிள்ளையின் தலையில் அந்தக் கேள்வியைக் கட்டிவிடுகிறோம்.

இது வெறும் பெயர்ப் பிரச்சினையன்று. மனைவி இறந்தால், பிள்ளையில்லாதபோது கணவனுக்குச் சொத்தில் பாதி; பிள்ளை இருந்தால் கால்பங்கு. அவளுடைய உடன்பிறந்தோரின் பங்கும் பிள்ளை இருப்பதைப் பொறுத்தே மாறும். தாயின் சகோதரி, தாயின் தாய், தாய்வழிச் சகோதரன் என்று மணம் முடிக்கக் கூடாத உறவுகள் ஒரு வரிசையாக நிற்கின்றன. தாய் என்ற அந்த ஒரு கண்ணியில் ஐயம் விழுந்தால் வரிசை முழுவதும் ஆடிப்போகும்.

தங்கை தர முன்வந்ததைப் பற்றியும் ஒரு வார்த்தை. அந்தப் பெண்ணின் அன்பு பெரியது. ஆயினும் அவள் அக்காளின் கணவருக்கு அந்நியப் பெண்ணே. அக்காள் நிக்காஹில் இருக்கும்வரை தங்கையை அவர் மணக்கவும் கூடாதென்று திருமறை (4:23) விலக்கியிருக்கிறது. மணமே கூடாத இடத்தில் இருவரின் சந்ததியை ஒன்று சேர்ப்பது எப்படி ஆகும்?

உக்பா (ரலி) அவர்களின் பயணம்

பால்குடி உறவை மார்க்கம் ஏற்கிறதே, பிறர் பாலைக் குடித்து வளரலாமென்றால் பிறர் முட்டையில் ஏன் கூடாது என்று கேட்பவர்களும் உண்டு. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களே ஹலீமா அம்மையாரிடம் பால் குடித்து வளர்ந்தவர்கள் அல்லவா? ஆம். ஆனால் ஹலீமா யாரென்று மக்கா முழுவதும் அறியும். பாலூட்டியவளின் பெயரும் கோத்திரமும் தெரியும். அவள் பிள்ளைகள் யாரென்றும் தெரியும். பால் உறவு மணத்தைத் தடுக்கும், வாரிசுரிமையைத் தராது. நஸப் வேறு, பால் வேறு என்று இரண்டும் வெளிச்சத்தில் தனித்தனியே நின்றன. மறைத்து வைக்கப்பட்ட பாலுறவு எவ்வளவு பெரிய ஆபத்து என்பதற்கு ஸஹீஹுல் புகாரியில் வரும் ஒரு செய்தி போதும்.

உக்பா இப்னுல் ஹாரிஸ் (ரலி) அவர்கள் அபூ இஹாபின் மகளை மணந்தார்கள். பிறகு ஒரு பெண் வந்து, உங்கள் இருவருக்கும் நான் பால் கொடுத்திருக்கிறேன் என்றாள். நீ பாலூட்டியது எனக்குத் தெரியாதே, நீ இதுவரை சொல்லவுமில்லையே என்று உக்பா (ரலி) திகைத்தார்கள். உடனே வாகனமேறி மக்காவிலிருந்து மதீனா சென்று நாயகத்திடம் முறையிட்டார்கள். இப்படி ஒரு சொல் வந்துவிட்ட பிறகு எவ்வாறு சேர்ந்து வாழ்வது என்ற பொருள்பட அண்ணலார் வினவினார்கள். அவர் மனைவியைப் பிரிந்துவிட்டார். அந்த அம்மையார் வேறொருவரை மணந்துகொண்டார்.

ஒரு மிடறு பாலில் இருந்த ஐயத்துக்காக ஒரு நல்ல இல்லறம் கலைந்தது. சொல்ல ஒரு பெண்ணாவது அங்கே இருந்தாள். பெயரை மறைத்து வைப்பதையே ஒழுங்காகக் கொண்ட ஏற்பாட்டில், நாளை யார் வந்து சொல்வார்கள்? நம் பிள்ளைக்கு நாம் பார்த்து முடிக்கும் வரனின் தாய், ஒருகால் அந்த முட்டைக்கு உரியவளாகவே இருந்தால்?

அந்தச் சகோதரரிடம் நாம் ஒன்று கேட்டோம். “நீங்கள் ஜரிகை விற்கிறீர்கள். வெள்ளியும் தங்கமும் குறைந்த ஜரிகையை அசல் என்று சொல்லி விற்பீர்களா?” அவர், “மாட்டேன், ஹஜ்ரத். ஹாஃப் ஃபைன்னா ஹாஃப் ஃபைன்னு சொல்லித்தான் கொடுப்பேன். வாங்கறவங்களுக்குத் தெரிஞ்சாகணும்” என்றார். பிறக்கும் பிள்ளையை மட்டச் சரக்கென்று சொல்ல நாம் இந்த உவமையை எடுக்கவில்லை, அல்லாஹ் காப்பானாக! எந்தப் பிள்ளையும் அவன் படைப்பே. எந்தப் பிள்ளையும் கண்ணியத்துக்குரியதே. சேலை எந்த இழையால் ஆனது என்று வாங்குபவருக்குச் சொல்லும் நேர்மை நமக்கு உண்டு. தான் எந்த இழையால் ஆனவன் என்று ஒரு மனிதனுக்கே சொல்லாமல் மறைப்பது எந்த நேர்மை என்பதே நம் கேள்வி. நஸப் பெற்றோரின் சொத்தன்று. அது பிள்ளைக்காகப் பெற்றோரிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். நம் ஏக்கம் எவ்வளவு பெரிதானாலும், பிறர் அமானிதத்தை எடுத்துச் செலவழிக்க நமக்கு உரிமையில்லை.

அந்த மேசையில் படுத்திருப்பவள் யார்?

மருத்துவமனைக்கு வரும் தம்பதியர் காணாத ஒருத்தி இருக்கிறாள். அவளுக்குப் பத்துப் பன்னிரண்டு நாட்கள் ஊசி போடுகிறார்கள். பிறகு மயக்க மருந்து கொடுத்து, ஊசியால் முட்டைகளை எடுக்கிறார்கள். சிலருக்குச் சினைப்பைகள் அளவுக்கு மீறி வீங்கி, வயிற்றில் நீர் கோத்து, உயிருக்கே ஆபத்தாவதும் உண்டு. பணமுள்ள வீட்டுப் பெண் இதற்காக வருவாளா? பெரும்பாலும் வறுமைதான் ஒருத்தியை அந்த மேசையில் கொண்டுவந்து கிடத்துகிறது.

2022 ஜூனில் ஈரோட்டில் வெளியான செய்தியை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 16 வயதுச் சிறுமி ஒருத்தியின் கருமுட்டைகள் பல தடவை விற்கப்பட்டிருந்தன. ஆதார் அட்டையில் வயதைத் திருத்தி, வளர்ந்த பெண்ணாகக் காட்டியிருந்தார்கள். கைதானவர்களுள் அவளைப் பெற்ற தாயும் ஒருத்தி. விசாரணையில் ஒன்றுக்கு மேற்பட்ட மருத்துவமனைகள் சிக்கின. ஜூலையில் தமிழக அரசு அவற்றின் மீது நடவடிக்கையை அறிவித்தது. சட்டம் நடைமுறைக்கு வந்த அதே ஆண்டில்தான் இது வெளியாயிற்று. அந்த முட்டைகளால் பிள்ளைப்பேறு பெற விரும்பிய தம்பதியர் யாரும் கெட்டவர்களாக இருந்திருக்க வேண்டியதில்லை. நம் வீட்டுக்கு வந்தவர்களைப் போலவே அழுது வந்தவர்களாகவும் இருக்கலாம். ஆனால் ‘யாரென்று தெரியாது’ என்ற அதே திரைக்குப் பின்னால்தான் ஒரு குழந்தையின் உடல் விலைபோனது.

நம் ஹனஃபி மத்ஹபின் ஹிதாயா போன்ற கிதாபுகளில், மனிதனின் தலைமுடியை விற்பதே கூடாதென்று எழுதியிருக்கிறார்கள். மனிதன் கண்ணியப்படுத்தப்பட்டவன், அவன் உறுப்பு எதுவும் சரக்காகக் கூடாது என்பது காரணம். மதரஸாவில் ஓதும்போது, முடிக்கு இவ்வளவு சட்டமா என்று நாம் உள்ளூரச் சிரித்ததுண்டு. ஈரோட்டுச் செய்தியைப் படித்த அன்றுதான் அந்த ஒரு வரியின் கனம் நமக்கு விளங்கிற்று.

பிறந்துவிட்ட பிள்ளைகள்

இதைப் படிக்கும் வீடுகளில், அறியாமலோ தாங்க முடியாமலோ இவ்வழியில் பிள்ளை பெற்றவர்கள் இருக்கலாம். அவர்களுக்குச் சொல்ல விரும்புவது இதுதான். ஒருவர் சுமையை மற்றவர் சுமப்பதில்லை என்பது திருமறையின் தீர்ப்பு. பிள்ளை பாவமற்றது. அதன் முகத்தை வாட விடாதீர்கள். தவ்பாவின் வாசல் திறந்தே இருக்கிறது. செய்ததை ஊருக்குப் பறைசாற்ற வேண்டியதில்லை; அல்லாஹ் மறைத்ததை நீங்களும் மறைத்துக்கொள்ளுங்கள். ஆனால் பிள்ளை வளர்ந்து, திருமண வயதை நெருங்கும்போது அதனிடம் உண்மையை மறைக்காதீர்கள். வாரிசுரிமை பற்றியும் மணம் பற்றியும் தகுந்த ஆலிம்களிடம் தனியே கேட்டு ஒழுங்கு செய்துகொள்ளுங்கள். இதுபற்றி அறிய நேர்ந்தவர்கள் வாயைத் திறக்காதிருப்பது அவர்கள் மீது கடமையாகும்.

அந்த வாய்க்கு என்ன ஃபத்வா?

இனி அம்மையாரின் கேள்விக்கு வருவோம். கூடாது என்று சொல்வது எளிது. ஆனால் ஒரு பெண் ஹராமின் வாசல்வரை தானாக நடந்து போவதில்லை. நம் நாவுகள் அவளைத் தள்ளிக்கொண்டு போகின்றன. கல்யாண வீட்டில் ‘விசேஷம் ஒண்ணும் இல்லையா?’ என்று கேட்பவர்கள், அகீகா வீட்டில் குழந்தையை அவள் கையில் கொடுக்கத் தயங்குபவர்கள், சோதனைக்கு மகனை அனுப்பாமலேயே குறை மருமகளிடம் என்று முடிவு கட்டுபவர்கள், இன்னொரு நிக்காஹ் என்று அவள் காதுபட ஜாடை பேசுபவர்கள் ஆகிய இத்தனை பேரும் அந்தப் பாவத்தில் தம் பங்கை அல்லாஹ்விடம் கணக்குக் கொடுத்தாக வேண்டும். ஒரு மூமினின் மனத்தைப் புண்படுத்துவது ஹராம் என்பதற்கு எந்த அகாதமியும் கூடித் தீர்மானிக்கத் தேவையில்லை. அம்மையாரே, அந்த வாய்க்கு இதுதான் ஃபத்வா.

அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுக்குப் பிள்ளை இல்லை. தம் தோழியர் எல்லாரும் பிள்ளைகளின் பெயரால் அழைக்கப்படுகிறார்களே என்று அவர்கள் நாயகத்திடம் சொன்னபோது, நாயகம் (ஸல்) அவர்கள் ஆயிஷாவின் சகோதரி அஸ்மாவின் மகன் அப்துல்லாஹ்வின் பெயரைக் கொண்டு ‘உம்மு அப்தில்லாஹ்’ என அழைத்துக்கொள்ளச் செய்தார்கள். பிள்ளையில்லாத மனைவிக்கு ஒரு கணவர் செய்ய வேண்டியது என்ன என்பது இதில் இருக்கிறது. பெயரில்லாதவளாக அவளை விட்டுவிடவில்லை. பொய்யான உறவொன்றை உண்டாக்கவுமில்லை. அப்துல்லாஹ் அஸ்மாவின் மகனாகவே இருந்தார். ஆயிஷா நாயகி பெறாமலேயே மூமின்கள் அனைவருக்கும் தாயானார்கள்.

ஆகவே வளர்ப்பதற்கு வழி அடைபடவில்லை. நபி (ஸல்) அவர்கள் வளர்த்த ஸைத் (ரலி) அவர்களை மக்கள் ‘முஹம்மதின் மகன் ஸைத்’ என்று அழைத்து வந்தனர். தந்தையர் பெயரைக் கொண்டே அழையுங்கள் என்ற கட்டளை (33:5) வந்தபின் அவர் ஹாரிஸாவின் மகன் ஸைத் ஆனார். பெயர் திருத்தப்பட்டது, பாசம் குறையவில்லை. யதீம் ஒருவரை, உறவினரின் பிள்ளை ஒன்றை, அதன் நஸபை மறைக்காமல் வளர்க்கலாம். வளர்த்த பிள்ளைக்கு வாரிசுரிமை இல்லாவிட்டாலும் சொத்தில் மூன்றில் ஒரு பங்கு வரை வஸிய்யத் எழுதலாம். வாழும்போதே அன்பளிப்பும் செய்யலாம். நாட்டுச் சட்டத்தில் 1890-ஆம் ஆண்டின் பாதுகாவலர் சட்டம், பெற்றோர் பெயரை மாற்றாமலே பொறுப்பேற்க வழி தருகிறது.

பருவமடைந்தபின் பர்தா சிக்கல் வருமே என்பார்கள். அதற்கும் மார்க்கமே வழி சொல்லியிருக்கிறது. இரண்டு வயதுக்குள் இருக்கும் ஆண் குழந்தையை எடுத்து வளர்ப்பதானால், மனைவியின் சகோதரி அதற்கு முறைப்படி பாலூட்டினால் போதும். மனைவி அதற்குப் பால்வழிச் சிற்றன்னையோ பெரியன்னையோ ஆகிவிடுவாள். ஆயுள் முழுவதும் மஹ்ரம். பெண் குழந்தையானால் கணவனின் சகோதரி பாலூட்டட்டும். கணவன் அதற்குத் தாய்மாமன் ஆகிவிடுவான். ஹனஃபி மத்ஹபில் பால் உள்ளே சென்றாலே உறவு உண்டாகிவிடும். ஷாஃபிஈ மத்ஹபில் ஐந்து தடவை வேண்டும்.

சில நாட்களுக்குப் பின் அவர்கள் மீண்டும் வந்தபோது இதை விளக்கினோம். கருமுட்டை தருவதாகச் சொன்ன அந்தத் தங்கைக்கு இப்போது கைக்குழந்தை இருப்பதை அம்மையார் சொன்னார். “அப்போ, அவ கொடுக்க ஆசைப்பட்டதை வேறே மாதிரி கொடுக்கலாம்னு சொல்றீங்க” என்றார். ஆம் என்றோம். யாரிடமும் மறைக்க வேண்டாத விதத்தில், ஊரறியக் கொடுக்கலாம் என்றோம். அவர்கள் இன்னும் முடிவு செய்யவில்லை. மாமியாரிடம் பேசுவதாக அந்தச் சகோதரர் சொல்லிச் சென்றார். அது மருத்துவமனைப் படியேறுவதைவிடக் கடினமான காரியம் என்பது அவர் முகத்தில் தெரிந்தது.

வாசகச் சகோதர சகோதரிகளே! அடுத்த முறை ஒரு வலீமாவிலோ அகீகாவிலோ பிள்ளையில்லாத ஒரு பெண்ணின் அருகே நீங்கள் அமர நேர்ந்தால், அந்த ஒரு கேள்வியை மட்டும் கேட்காமல் இருந்துவிடுங்கள். குழந்தை அழுதால் அவள் கையில் கொடுங்கள்.

பிள்ளைகளை அருளப்பெற்றவர்களுக்கு அவர்களைக் கண்குளிர்ச்சியாகவும், அருளப்பெறாதவர்களுக்கு அழகிய பொறுமையையும் அதற்குரிய பெரும் பகரத்தையும் வல்ல ரஹ்மான் நல்கி, நம் அனைவரின் நாவுகளையும் பேணிக் காத்தருள்வானாக! ஆமீன்.